பானட் ஞானியும் போர்த்தி நின்ற காரும்

ஊரே பானட் ஞானியின் பின்னால் ஓடியது. பழைய கார் வாங்குகிறவர்களுக்கு அவர்தான் கதி. அவர் எஞ்சினைத் திறக்க மாட்டார், ஓட்டிப் பார்க்க மாட்டார். காரை உறை போட்டு மூட வேண்டும். எஞ்சின் மூடியான பானட்டுக்கு ஒரு சாண் மேலே கையை நீட்டிக் கண்ணை மூடுவார். தொட்டால் காரின் ஆன்மா கூசுமாம்! பிறகு அதன் பலமும் பலவீனமும் கடகடவென்று வந்து விழும். தட்டில் காணிக்கையும் அப்படியே விழும். அவர் பார்த்த கார் எதுவும் வாங்குகிறவருக்கு ஆகாது. ராசியான கார் ஞானியின் மச்சான் கடையில்தான் நிற்கும். ஆன்மாக்களுக்கும் குடும்பப் பாசம் உண்டு போல.

கேக் செய்து விற்கும் ஒருத்திக்குச் சின்னக் கார் ஒன்று அவசரமாக வேண்டியிருந்தது. ஸ்கூட்டரில் மூன்றடுக்காகப் புறப்படும் கேக், விழா மண்டபம் சேர்வதற்குள் கூழாகிவிடும். இன்னொரு கேக் அப்படிப் போனால் தொழிலே படுத்துவிடும். அடுத்த தெரு நர்ஸ் தன் காரை விற்கிறாள் என்று கேள்விப்பட்டு, போய் ஓட்டிப் பார்த்தாள். பிடித்துவிட்டது. கணவன்தான் முரண்டு பிடித்தான்.

"ஞானி சரின்னு சொல்லட்டும், அப்புறம் வாங்கலாம்."

"ஓட்டினது நான். கேக்குறது அவரையா?"

"அவருக்குத் தெரியாதது எதுவுமே இல்ல."

"அப்படியா? வரச் சொல்லுங்க."

ஞானி வந்தார். கூடவே தெருவும் வந்தது. கேக்குக்காரி வீட்டு வாசலில் உறை போர்த்தி நின்றதற்கு மேல் கை நீண்டது. கண் மூடியது. உதடு துடித்தது.

"சின்ன உடம்பு, பெரிய மனசு. சந்து பொந்தெல்லாம் புகுந்து வரும். பெட்ரோலை மோந்து பாத்தே ஓடும்."

கூட்டத்துக்குப் புல்லரித்தது.

"ஆனா மேட்டுல ஏசி போட்டா மூச்சு வாங்கும். பின் சீட்டுல மூணு பேர் உக்காந்தா முட்டி இடிக்கும். வச்சிருந்தவங்க கண்ணீர் இதுல ஊறிக் கெடக்கு. வேண்டாம்மா. என் மச்சான் கடையில மஞ்சக் கார் ஒண்ணு உன்னையே நெனச்சுக்கிட்டு நிக்குது."

"நான் எப்ப அழுதேன்?" என்றாள் நர்ஸ். "என் கார் என் வீட்டு வாசல்ல இல்ல நிக்குது?"

கேக்குக்காரி உறையை உருவினாள். உள்ளே சாப்பாட்டு மேசை, அதன்மேல் கவிழ்த்த பழைய சோபா, முன்னால் அட்டைப் பெட்டிகள், சக்கரங்களுக்குப் பதில் மாவு டப்பாக்கள். கேக்கில் கப்பலும் யானையும் செய்கிறவளுக்கு இதெல்லாம் ஒரு வேலையா?

ஞானி சமாளித்தார். "ஆன்மா இப்பத்தான் கெளம்பிப் போச்சு."

"நாலு சக்கரத்தையும் கூட்டிக்கிட்டா?"

கூட்டத்தில் ஒருவர் தலையைச் சொறிந்தார். "முட்டி இடிக்கும்னுதான் எனக்கும் சொன்னாரு."

"எனக்கும் மேட்டுல மூச்சு வாங்கும்னாரு."

"சின்னக் கார்னா எல்லாத்துக்கும் அப்படித்தானய்யா இருக்கும்" என்று சிரித்தாள் நர்ஸ். தெருவே விழுந்து விழுந்து சிரித்தது. கணவன் மட்டும் மாவு டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஞானி தன் காருக்கு ஓடினார். அது கிளம்பவில்லை. "கொஞ்சம் தள்ளுங்கப்பா" என்றார்.

"தொட்டா கூசுமே சாமி. ஒரு சாண் மேல கைய வச்சுத் தள்ளவா?" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

மறுநாளே நர்ஸின் கார் கைமாறியது. மேட்டில் முனகியது, ஆனாலும் ஏறியது. மூன்றடுக்குக் கேக் மூன்றடுக்காகவே போய்ச் சேர்ந்தது. கணவன்தான் அதை மடியில் வைத்துப் பிடித்திருந்தான்.

காரை ஓட்டிப் பார்க்காமலே வாங்கத் துணியும் பெருமக்களே, கழுத்துக்கு மேலே இருப்பதையும் நீங்கள் ஒருநாளும் ஓட்டிப் பார்த்ததில்லை போலும். புதுக் கருக்கு அழியாமல் அப்படியே இருக்கிறது. இன்றாவது அதைக் கிளப்புங்கள்.