நரி அண்ணனுக்குப் பொன்னாடை

ஒரு காட்டில், ராஜா மந்திரி என்று யாரும் இல்லாத சின்னக் காடுதான், கனகு என்று ஒரு செவலைக் கோழி இருந்தது. நல்ல கோழி. ஆனால் அடை உட்கார்ந்துவிட்டால் மட்டும் கிட்டே போக முடியாது. "என்ன கனகு, சௌக்கியமா?" என்று கேட்டாலே சிலிர்த்துக்கொண்டு கொத்த வரும். அந்தக் கோபத்துக்குக் காரணம் இருந்தது. போன தடவை பொரித்த குஞ்சுகள் அத்தனையையும் நரி ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. கடைசிக் குஞ்சு போன அன்று கனகு போட்ட கூப்பாட்டில் காடே காதைப் பொத்திக்கொண்டது. பொத்திக்கொண்டதே தவிர, என்ன ஏது என்று ஒரு ஜீவன் எட்டிப் பார்க்கவில்லை. "இந்தத் தடவை ஒரு குஞ்சு குறைஞ்சாலும் நான் உசுரோட இருக்கமாட்டேன்" என்று சொல்லிவிட்டுத்தான் கனகு புங்கமரத்தடியில் மறுபடி அடை உட்கார்ந்தது.

அதே மரத்தில் டவுனிலிருந்து ஒரு கூண்டுப் பறவை ஜோடி வந்து குடியேறியது. பச்சையாக இருந்தது ஆண், பெயர் மின்ட்டு. நீலமாக இருந்தது பெண், பெயர் ஸ்வீட்டி. மைக் செட் வாடகைக்கு விடுகிற கடையில், கூண்டுக்குள்ளேயே பிறந்து வளர்ந்தவை. கடைக்காரர் கூண்டுக் கதவைச் சாத்த மறந்த அன்று பறந்து வந்துவிட்டன.

"நாங்க லவ் பேர்ட்ஸ்" என்று மின்ட்டு பெருமையாகச் சொன்னது. சொல்லி முடிப்பதற்குள் ஸ்வீட்டி அதன் மண்டையில் நச்சென்று ஒரு கொத்து வைத்தது. பேரை நம்பி, காட்டில் புதுசாகக் கல்யாணமான ஜோடிகள் எல்லாம் ஆசீர்வாதம் வாங்க வந்தன. அடிதடியைப் பார்த்துவிட்டு, வந்த வழியே நைசாகக் கழன்றுகொண்டன.

கிளையில் யாரோ வேண்டுதலுக்குக் கட்டிய மண்பானை ஒன்று, பக்கவாட்டில் ஓட்டையோடு தொங்கிக்கொண்டிருந்தது. ஸ்வீட்டி அதற்குள் போய் முட்டையிட்டது. புருஷனை உள்ளே விடவில்லை. வெளியே நின்றபடி ஓட்டைக்குள் தலையை நீட்டி, தின்ற தினையைக் கக்கி ஊட்டிவிடுவதோடு மின்ட்டுவின் இல்லறம் முடிந்தது.

முதலில் கனகுவின் முட்டைகள் பொரிந்தன. ஒன்றே ஒன்று மட்டும் கூமுட்டையாகப் போய்விட்டது. மற்ற குஞ்சுகள் ஈரம் காய்ந்ததும் எழுந்து, தாய் பின்னாலேயே ஓடிக் கரையான் பொறுக்க ஆரம்பித்துவிட்டன. கொஞ்ச நாள் கழித்துப் பானையிலும் குஞ்சு பொரிந்தது. கனகு இறக்கையடித்துக் கிளையேறி எட்டிப் பார்த்தது.

"ஐயையோ, என்னடி இது! உரிச்ச பனங்கிழங்கு மாதிரி கிடக்கு. கண்ணுகூடத் திறக்கல. என் பிள்ளைங்கல்லாம் பொறந்த அன்னிக்கே நடந்துச்சு!"

"நடந்து எங்கக்கா போச்சு? நரி வாய்க்குள்ளதானே?" என்றது ஸ்வீட்டி.

கனகுவுக்குச் சுருக்கென்றது. இறங்கிப் போய் மரத்தடியில் உட்கார்ந்து அழுதது. ஸ்வீட்டிக்கும் ஒரு மாதிரி ஆகிவிட்டது. பானைக்குள்ளிருந்து "சாரிக்கா" என்றது. அந்தப் பறவை வாயில் அந்த வார்த்தை வந்தது அதுதான் முதல் தடவை, கடைசித் தடவையும்கூட.

ஒரு மத்தியானம் நரி வந்தது. அவசரமே இல்லாமல், சொந்த வீட்டுக்குச் சாப்பிட வருகிற மாதிரி நடந்து வந்தது. கனகு கொர்ரென்று குரல் கொடுத்துக் குஞ்சுகளை இறக்கைக்குள் இழுத்துக்கொண்டது. நரி கோழியைப் பார்த்தது. அப்புறம் அண்ணாந்து பானையைப் பார்த்தது. இன்றைக்குப் பதார்த்தம் ரெண்டு வகை என்று அதன் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது.

மின்ட்டுவுக்குப் பயத்தில் நாக்கு குழறியது. பயம் வந்தால் அதற்குச் சொந்தப் பேச்சு வராது, கடையில் கேட்ட பேச்சுதான் வரும்.

"ஹலோ! மைக் டெஸ்ட்டிங்! இதோ, நமது பாசத்துக்குரிய அண்ணன் அவர்கள் வந்துகொண்டிருக்கிறார்கள்! அண்ணன் அவர்களை வருக வருக என வரவேற்கிறோம்! தாய்மார்கள் கொஞ்சம் வழிவிட்டு உட்காரவும்!"

நரி நின்றுவிட்டது. எந்த அண்ணன் வருகிறார் என்று பின்னால் திரும்பிப் பார்த்தது. யாரும் இல்லை. பிறந்ததிலிருந்து அதை எல்லாரும் 'ஏய்' என்றும் 'சீ' என்றும் 'திருட்டு நரி' என்றும்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். பெற்ற தாயே 'டேய்' என்றுதான் கூப்பிட்டாள்.

"அண்ணனா? நானா?" என்று கேட்டுவிட்டு, ஒழுகிய எச்சிலை வாலால் துடைத்துக்கொண்டது. "உட்காருங்க, உட்காருங்க. எனக்காக யாரும் எந்திரிக்க வேணாம்."

கனகு இதைக் கவனித்தது. நரியின் கண்ணைக் கொத்திப் பிடுங்க வேண்டும் என்றுதான் கனகுவுக்கு ஆத்திரம். ஆத்திரத்தை அப்படியே முழுங்கிக்கொண்டு, "வாங்கண்ணே. இவ்வளவு தூரம் வந்திருக்கீங்க, ரெண்டு வார்த்தை பேசிட்டுப் போங்கண்ணே" என்றது.

"பேச எதுவும் தயார் பண்ணிக்கிட்டு வரல" என்று ஆரம்பித்த நரி, பொழுது சாயும்வரை பேசியது. குஞ்சுகள் கேட்டுக் கேட்டுத் தூங்கிப்போயின. "இவை உங்கள் குஞ்சுகள் அல்ல, என் குஞ்சுகள்!" என்று அது முழங்கிய இடத்தில் மட்டும் கனகு இறக்கையை இன்னும் இறுக்கிக்கொண்டது. மற்றபடி பேச்சு நன்றாகத்தான் இருந்தது. வந்த வேலை மறந்து நரி பட்டினியாகவே திரும்பிப் போயிற்று.

மறுநாள் விடிந்ததும் கனகு குரங்கின் ஃப்ளெக்ஸ் கடைக்கு ஓடியது. நரிக்கு வைக்கிற ஃப்ளெக்ஸின் ஓரத்தில் குரங்கின் படத்தையும் சின்னதாகப் போட்டுக்கொள்ளலாம் என்றதும் குரங்கு சந்தோஷமாக ஒப்புக்கொண்டது.

"நரி படத்துல பல்லு தெரியுது. எடுத்துரவா?" என்று குரங்கு கேட்டது.

"படத்துலயாவது எடுத்துரு" என்றது கனகு.

'குஞ்சுகளின் காவலரே! கூடுகளின் விளக்கே!' என்று புங்கமரத்தில் ஃப்ளெக்ஸ் ஏறியது. காட்டைக் கூட்டி விழா நடத்தினார்கள். காக்கை எந்தத் துணிக்கொடியிலிருந்தோ இழுத்துவந்த மஞ்சள் துண்டைப் பொன்னாடை என்று சொல்லிக் கனகுவே போர்த்தியது. நினைவுப் பரிசாக அந்தக் கூமுட்டையைக் கொடுத்தார்கள். நரி அதைக் குகையில் எல்லார் கண்ணிலும் படுகிற மாதிரி வைத்தது. நாற்றம் தாங்கவில்லை, ஆனால் போய் வந்தவர்கள் எல்லாரும் "அருமையான பரிசுண்ணே" என்றார்கள்.

விழா முடிந்ததும் ஸ்வீட்டி கேட்டது: "உனக்கு ரோஷமே இல்லையாக்கா? உன் பிள்ளைங்களைத் தின்ன வாய் அது."

"ரோஷம் இருக்குடி. பிள்ளைங்களும் இருக்கு. ரெண்டையும் சேர்த்து வச்சுக்க முடியல, என்ன செய்யச் சொல்ற?" என்றது கனகு.

அன்றிலிருந்து நரி தினமும் வந்து தன் ஃப்ளெக்ஸைப் பார்த்துவிட்டுப் போயிற்று. கூட்டத்தைவிட்டு விலகிப்போன குஞ்சைத் தள்ளிக்கொண்டு வந்து விட்டது. பருந்து வட்டமிட்டால், "யார் குஞ்சுன்னு தெரிஞ்சுதான் வர்றியா?" என்று சத்தம் போட்டது. பருந்து அரண்டுபோய் விலகியது.

ஒரு நாள், இறக்கை சரியாக முளைக்காத ஸ்வீட்டியின் குஞ்சு ஒன்று பானை ஓட்டையிலிருந்து தவறி விழுந்தது. விழுந்தது நேராக அண்ணன் வாய்க்குள். நரி வேண்டுமென்றே பிடித்ததா, கொட்டாவி விட்டபோது விழுந்ததா என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. வாய் மூடிக்கொண்டது. ஸ்வீட்டி அலறியது. நம்ம ஏற்பாடு இவ்வளவுதானா என்று கனகு நினைத்தது. குரங்கு மட்டும் செல்போனைத் தூக்கிப் படம் எடுத்தது. நரியின் தொண்டை லேசாக அசைந்தது.

மின்ட்டுவுக்கு மறுபடி பயம் வந்தது. "பிஞ்சு உயிரைத் தாங்கிப் பிடித்த அண்ணன் அவர்களுக்கு நன்றி! நன்றி! நன்றி!" என்று கத்தியது.

"அட, இருக்கட்டும்பா, இதெல்லாம் நம்ம கடமை" என்று நரி வாயைத் திறந்தது. குஞ்சு எச்சிலோடு சொத்தென்று வெளியே விழுந்தது. காடே கைதட்டியது. ஸ்வீட்டி குஞ்சைத் துடைக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு நெடுநேரம் அழுதது.

கனகுவின் குஞ்சுகள் ஒன்று குறையாமல் வளர்ந்து, கொண்டை வைத்து, தங்களுக்குள் சண்டை போட ஆரம்பித்தன. நரியும் இளைக்கவில்லை. நாளுக்கு நாள் தொந்திதான் விழுந்தது. புகழ் ஊட்டம் கொடுக்கிறது என்று காட்டில் பேசிக்கொண்டார்கள். கனகு அதில் கலந்துகொள்ளாமல், தன் பாட்டுக்குக் குப்பையைக் கிளறிக்கொண்டிருந்தது.

அப்புறம் ஒரு நாள், ஓடைக்கு அந்தப் பக்கத்துக் காட்டிலிருந்து ஒரு கருங்கோழி தலைவிரிகோலமாக ஓடி வந்தது.

"எங்க காட்டுக்கு ஒரு நரி வருதுக்கா. குஞ்சு ஒண்ணைக்கூட விட்டு வைக்கல. தோளுல மஞ்சத் துண்டு போட்டிருக்குக்கா!"

கனகு கிளறுவதை நிறுத்தியது. போன தடவை தான் போட்ட அதே கூப்பாடுதான் இது என்று அதற்கு நன்றாகத் தெரியும். பிறகு தன் குஞ்சுகளைத் திரும்பிப் பார்த்து, ஒருமுறை எண்ணிக்கொண்டது.

"அழாதம்மா. உங்க காட்டுல ஃப்ளெக்ஸ் அடிக்கிற கடை ஏதாச்சும் இருக்கா?"

"இல்லையேக்கா."

"அடப் பாவமே" என்று உண்மையாகவே வருத்தப்பட்டது கனகு.

நீதி: திருடனுக்குப் பொன்னாடை போர்த்தினால் திருந்தமாட்டான், ஆனால் திருட்டைப் பக்கத்து ஊரில் வைத்துக்கொள்வான்.