கிணற்றுக்குள் நானும் கருப்பனும்

ஆரஞ்சு ஜாக்கெட் போட்டவனுக்குப் பயமே இருக்காது என்று ஊர் நம்புகிறது. ஜாக்கெட்டுக்குள் இருப்பவனை ஒரு வார்த்தை கேட்டால் உண்மை தெரிந்துவிடும். யாரும் கேட்பதில்லை.

ஆலங்குடிப் பக்கம் முந்திரிக்காட்டுக்கு நடுவே எங்கள் ஊர். டவுனிலிருந்து தீயணைப்பு வண்டி வருவதற்குள் நடக்க வேண்டியது நடந்து முடிந்துவிடும் என்பதால், ஊருக்கு இரண்டு பேரை மீட்புத் தொண்டர்களாக்கிப் பயிற்சி கொடுத்தார்கள். அதில் நான் ஒருவன். (இன்னொருவர் பயிற்சி முடிந்த கையோடு சிங்கப்பூர் போய்விட்டார். புத்திசாலி.) நான் கற்றுக்கொண்டது, பொம்மையின் நெஞ்சை அழுத்துவது, கட்டுப் போடுவது, அவ்வளவுதான். ஆனால் லைப் ஜாக்கெட்டோடு படம் எடுத்து வாட்ஸப்பில் வைத்துவிட்டேன். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

மஞ்சுவிரட்டு அன்று மதியம் எதிர்வீட்டு செல்வி அக்கா போன் செய்தார்.

"தம்பி, நம்ம கருப்பன் கெணத்துல விழுந்துட்டான்! ஓடியாங்க!"

கருப்பன் அவருடைய காளை. மகன் துபாய்க்குப் போனபிறகு அந்த வீட்டில் அக்கா வாய்விட்டுப் பேசுவது அதனோடு மட்டும்தான். ஊராருக்கோ அது ஆட்களைப் பந்தாடும் காளை.

கைப்பிடிச்சுவர் இல்லாத கிணறு. "வழி விடுங்க, ஆள் வந்துருச்சு!" என்று கூட்டம் விலகியது. எந்த ஆள் என்று நானும் திரும்பிப் பார்த்தேன்.

கீழே மூக்கும் கொம்பும் மட்டும் தெரிந்தன. கால்கள் சேற்றில் புதையப் புதைய, மூக்கு தண்ணீரை நெருங்கிக்கொண்டிருந்தது. தூக்குவதற்கு ஜேசிபி தயார். வயிற்றுக்கு அடியில் பெல்ட்டைக் கோர்க்கத்தான் ஆள் வேண்டும்.

"தீயணைப்பு வண்டி வந்துரட்டுமேக்கா" என்றேன்.

"அதுவரைக்கும் தாங்காது தம்பி." அக்கா அழவில்லை. அழுதிருந்தால் ஆறுதல் சொல்லியாவது நேரத்தைக் கடத்தியிருப்பேன்.

கயிற்றில் இறக்கினார்கள். குலதெய்வத்தில் ஆரம்பித்து ஆவூர் மாதா வரைக்கும் கூப்பிட்டுக்கொண்டே இறங்கினேன். கருப்பன் புஸ்ஸென்று மூச்சுவிட்டது. எனக்கு மூச்சே வரவில்லை.

மேலிருந்து அக்கா அறிமுகம் செய்துவைத்தார்: "கருப்பா, நம்ம எதுத்த வீட்டுத் தம்பிடா. குத்திப்புடாத!"

முங்கினேன். ஜாக்கெட் என்னைத் தூக்கிக் கொம்புக்கு நேராக நிறுத்தியது. மறுபடி முங்கினேன். மறுபடியும் கொம்பு.

"அதைக் கழட்டுங்கப்பா!" என்று கூட்டம் கத்தியது. என் வீரம் மொத்தமும் அதில்தான் இருந்தது. கழற்றினேன்.

தண்ணீருக்கடியில் கும்மிருட்டு. கை கருப்பனின் வயிற்றில் பட்டது. அது நடுங்கிக்கொண்டிருந்தது. இவ்வளவு பெரிய உடம்புக்கும் பயம் இருக்கிறதே என்று நினைத்ததும், ஏனோ என் கை ஒழுங்காக வேலை செய்தது. பெல்ட்டைக் கோர்த்துவிட்டேன்.

கருப்பன் மேலே போனது. ஒரே விசில், கைதட்டல். கால் தரையில் பட்டதும் ஓர் உதறல், பெல்ட்டோடு ஓட்டம். "பிடி! பிடி! அங்கிட்டு மறிங்கடா!" என்று கூட்டம் பின்னாலேயே ஓடியது. ஜேசிபி டிரைவர் ஓடினார். செல்வி அக்கா எல்லோருக்கும் முன்னால் ஓடினார். நான் அவிழ்த்துவிட்ட கயிற்றைப் பிடித்திருந்தவரும் கயிற்றோடு ஓடினார்.

நான் கிணற்றுக்குள்.

கத்தினேன். என் குரல்தான் திரும்பி வந்தது. கால் சேற்றில் இறங்க ஆரம்பித்தது. கொம்புக்குப் பயந்ததெல்லாம் ஒன்றுமேயில்லை. மிதந்துகொண்டிருந்த ஜாக்கெட்டைக் கட்டிக்கொண்டு, நாற்பது வயது ஆம்பிளை, வாய்விட்டு அழுதேன்.

வெகுநேரம் கழித்துத் தீயணைப்பு வண்டிச் சத்தம். மேலே ஒரு தலை எட்டிப் பார்த்தது.

"மாடு எங்கங்க?"

"ஏறிப் போயிருச்சுங்க."

"அப்ப நீங்க?"

"காப்பாத்த வந்தவன்ங்க..."

இன்றும் குடும்பத்தோடு எங்கே கிளம்பினாலும் வேன் நகருமுன் மகள் கத்துவாள்: "அப்பாவத் தூக்கியாச்சா?" மொத்த வேனும் சிரிக்கும்.

ஊரில் செல்வி அக்கா மட்டும் இதற்குச் சிரிப்பதில்லை. எனக்கு எங்கிருந்து உதவி கேட்டுப் போன் வந்தாலும், ஒரு கயிற்றை எடுத்துக்கொண்டு கூடவே கிளம்பிவிடுகிறார். நான் மேலே ஏறி வரும்வரை அந்த இடத்தைவிட்டு நகரமாட்டார், கருப்பனே கூப்பிட்டாலும்.