மாடிவீட்டு மச்சானுக்கு, பதினோரு வாளி தைரியத்துடன்

கீழ்வீடு,
புதன்கிழமை, பிற்பகல் 1.40

மதிப்பிற்கும் அன்பிற்கும் உரிய பெரிய மச்சான் அவர்களுக்கு,

தங்கள் தங்கையின் கணவன் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் தங்கள் தங்கையும், அவளுடைய முட்டியையும் என் வயிற்றையும் நீக்கிப் பார்த்தால், நலம். தாங்கள் நலமா என்று விசாரிக்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லை. காலையிலிருந்து தாங்கள் போனில் பேசுவதும், நாற்காலியை இழுப்பதும், மறுபடியும் பேசுவதும் எங்கள் கூரை வழியாக நன்றாகவே கேட்கிறது.

பதினான்கு படி ஏறினால் நேரில் சொல்லிவிடக்கூடிய விஷயத்துக்குக் கடிதம் எதற்கு என்று தாங்கள் கேட்கலாம். நேரில் வந்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். நான் வாயைத் திறப்பேன். "உக்காருங்க மாப்ள" என்பீர்கள். உட்காருவேன். பிறகு தாங்கள் பேசுவீர்கள். முடிந்ததும் "சரிங்க மச்சான்" என்று சொல்லிவிட்டு, எதற்கு வந்தேன் என்பதைப் பத்தாவது படியில் ஞாபகப்படுத்திக்கொண்டு இறங்கி வருவேன். தங்கள் வீட்டின் கீழ்ப்பகுதிக்கு நாங்கள் குடிவந்த இருபத்திரண்டு வருடமாக இதுதான் நடைமுறை. ஆகவே எழுத்து மூலம். நாலரை மணிக்குத் தாங்கள் பேப்பருக்காகப் பால்கனியிலிருந்து கூடையை இறக்கும்போது, பேப்பரின் நடுவில் இதை வைத்து அனுப்புவேன்.

முதல் செய்தி: நாளை வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு எனக்குக் குடல் பரிசோதனை நடக்கும். நடந்தே தீரும். (இந்த இரண்டு சொல்லை எழுதிய பிறகு பேனாவை மூடிவைத்துவிட்டுச் சிறிது நேரம் உட்கார்ந்திருந்தேன். அடித்துத் திருத்தவில்லை.)

காரணம் தாங்கள் அறிந்ததே. ஆறு வருடத்துக்கு முன்பு என் இதயத்தில் உலோக வால்வு வைத்தார்கள். அதன்மேல் ரத்தம் உறைந்து கட்டிவிடாமல் இருக்க, ரத்தத்தை இளக்கி வைக்கும் மாத்திரை ஒன்றைத் தினமும் சாயங்காலம் விழுங்குகிறேன். சென்ற மாதம் என் ரத்த அளவு ஒன்பதுக்கு இறங்கிவிட்டது. எங்கேயோ கசிகிறது, உள்ளே பார்த்தால்தான் தெரியும், பார்க்காமல் விட்டால் அது எதுவாகவும் இருக்கலாம் என்றார் குடல் டாக்டர். "எதுவாகவும்" என்று சொல்லும்போது அவர் என்னைப் பார்க்காமல் கம்ப்யூட்டரைப் பார்த்தார். நான் முப்பத்து நான்கு வருடம் நகராட்சியில் அறிவிப்புப் பிரிவில் இருந்தவன். சுவரை இடிக்கப் போகிறோம், குழாயைத் துண்டிக்கப் போகிறோம் என்று ஊருக்கெல்லாம் கெட்ட சேதியை எழுதி அனுப்பியவன். முகத்தைப் பார்க்காமல் சொல்லப்படும் ஒரு சொல் எவ்வளவு கனக்கும் என்பது எனக்குத் தெரியும்.

தாங்கள் என்ன சொன்னீர்கள்? மாடிப்படியில் நின்று, கீரைக்காரி உட்பட எல்லோருக்கும் கேட்கும்படி, "மாப்ள, நாப்பது வருஷம் லாரிப் பட்டறை வெச்சிருந்தவன் சொல்றேன். ஆயில் ஒழுகுதுன்னா வாஷர மாத்தணும். இன்ஜின்ல குழாய விட்டு ஆட்டக் கூடாது" என்றீர்கள். நான் "சரிங்க மச்சான்" என்றேன். பிறகு டெஸ்ட் உறுதி என்று தெரிந்ததும், "அப்படின்னா அந்த மாத்திரைய பத்து நாளைக்கு நிறுத்திடுங்க, ஒண்ணும் ஆகாது" என்றீர்கள். அதற்கும் "சரிங்க மச்சான்" என்றேன். ஆனால் செய்யவில்லை. இதை இப்போதுதான் முதல்முறையாகத் தங்களிடம் சொல்கிறேன். நான் இதய டாக்டர் எழுதிக் கொடுத்ததைத்தான் செய்தேன்.

அதாவது, அதைத்தான் செய்ததாக நினைத்தேன்.

(மணி இரண்டு. குடலைக் கழுவும் பேதி மருந்தில் முதல் டம்ளர் குடித்தாயிற்று. கால் மணிக்கு ஒரு டம்ளர் வீதம் ஒரு ஜாடி இன்று, இன்னொரு ஜாடி நாளை விடியற்காலை. உப்புப் போட்ட எலுமிச்சை சோப்பைக் கரைத்தது போன்ற ருசி. மற்றபடி, எதிர்ப்பக்கம் தெரியும் அளவு தெளிந்த பானம் மட்டுமே குடிக்கலாம் என்று உத்தரவு. ஒவ்வொரு டம்ளருக்கும் பின்னால் வரி விளம்பரப் பக்கத்தை வைத்துப் பார்க்கிறேன். எழுத்து படிக்க முடிந்தால்தான் குடிப்பது. ஆகையால் இன்றைய பேப்பரில் அந்தப் பக்கம் மட்டும் சற்று ஈரமாக இருக்கும், பொறுத்தருளவும்.)

மாத்திரை விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் தாங்கள் நான்கு நாளாக இதைப் போனில் எல்லோருக்கும் சொல்லிச் சிரித்துக்கொண்டிருக்கிறீர்கள், அதுவும் தவறாகச் சொல்கிறீர்கள். டாக்டர் எழுதியது "பரிசோதனைக்கு ஐந்து நாள் முன்பு நிறுத்தவும்." இதில் ஐந்து நாள் என்றால் எந்த ஐந்து நாள்? எங்கள் பிரிவில் ஐந்து நாள் அவகாசம் என்றால் அறிவிப்பு கொடுத்த நாளும் சேராது, நடவடிக்கை எடுக்கும் நாளும் சேராது, இடையில் ஐந்து முழு நாள் இருக்க வேண்டும், அதில் ஞாயிறு வந்தால் அது விடுமுறை, அதுவும் சேராது. ஒருமுறை இப்படி ஒரு நாள் குறைந்துபோனதால் ஒரு சுவர் பதினோரு வருடம் இடிபடாமல் நின்றது, அந்தச் சுவரைத் தாண்டித்தான் நான் தினமும் வேலைக்குப் போனேன், மச்சான், அது என்னைப் பார்த்துச் சிரிக்கும். அதனால் எண்ணி, திரும்ப எண்ணி, தங்கள் தங்கையையும் காலண்டர் முன்னால் நிறுத்தி எண்ணவைத்து, வெள்ளி சாயங்காலம் வரை விழுங்க வேண்டியதைப் போன வாரம் புதன் சாயங்காலத்தோடு நிறுத்திவிட்டேன். சனிக்கிழமை ரத்தம் பார்க்கப் போனால், அந்த நர்ஸ் காகிதத்தைப் பார்க்கிறாள், என்னைப் பார்க்கிறாள், மறுபடியும் காகிதத்தைப் பார்க்கிறாள். "ஐயா, எப்ப நிறுத்துனீங்க?" சொன்னேன். "ஏன்?" நான் விளக்கினேன். முதல் நாள், கடைசி நாள், ஞாயிறு. அவள் முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "ஐயா, உங்க ரத்தத்துக்கு ஞாயித்துக்கிழமை லீவு கிடையாது."

அப்புறம்தான் உட்காரவைத்துச் சொன்னாள். ரத்தம் அதற்குள் கெட்டியாக ஆரம்பித்துவிட்டதாம். உலோக வால்வில் ஒரு சின்னக் கட்டி பிடித்து, அது கிளம்பி மூளைக்குப் போனால் கை கால் விழுந்துவிடும், ஆளே போகலாம். அதற்காக மாத்திரையை நிறுத்தாமலே பரிசோதனைக்குப் போனால், உள்ளே எதையாவது வெட்டி எடுக்கும்போது ரத்தம் நிற்காது. இரண்டுக்கும் நடுவில் ஒரு கயிறு கட்டியிருக்கிறார்கள், அதில் நான் நடக்க வேண்டும், நான் இரண்டு நாள் முன்னதாகவே கயிற்றில் ஏறி நின்றுகொண்டிருக்கிறேன். இதய டாக்டர் கோபத்தில் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். "படிச்சவர்தானே நீங்க? சந்தேகம்னா ஒரு போன் பண்ணக் கூடாதா?" என்றார். எனக்குச் சந்தேகமே வரவில்லை என்பதுதான், மச்சான், என்னை இன்னும் உறுத்துகிறது. எல்லாவற்றிலும் சந்தேகப்படுகிற எனக்கு அதில் மட்டும் வரவில்லை. மாத்திரைக்குப் பதிலாகக் காலையும் மாலையும் போடும் ஊசியை, திங்கள்கிழமை ஆரம்பிக்க வேண்டியதை, அன்றைக்கே ஆரம்பித்தார்கள். ஐந்து ஊசி போட வேண்டிய வயிற்றில், இன்று காலையோடு ஒன்பது ஊசி. தொப்புளைச் சுற்றி நீலம் பாரித்து உலகப்படம் மாதிரி இருக்கிறது.

இதில் சிரிக்க என்ன இருக்கிறது? நான் இரண்டு நாள் தப்பாக எண்ணினேன், ஒத்துக்கொள்கிறேன். நீங்கள் சொன்ன பத்து நாளை நம்பியிருந்தால், இந்தக் கடிதத்தை எழுதக் கையோ நானோ இருந்திருப்போமா என்பதைப் போனில் அடுத்தவரிடம் சிரிக்கும் முன்பு

(மணி 2.50. சிறு இடைவேளை.)

(மணி 3.05. மீண்டும்.)

(மணி 3.20. வாக்கியம் எங்கே விட்டது என்று தெரியவில்லை. அப்படியே இருக்கட்டும்.)

இரண்டாவது, தண்ணீர். தினமும் பகல் இரண்டிலிருந்து ஐந்து வரை, மாடித் தொட்டியிலிருந்து கீழே வரும் தண்ணீரைத் தாங்கள் மூடிவிடுவது வழக்கம். எனக்கு இரண்டு மணிக்கு மருந்து ஆரம்பம் என்று ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்ததும் தங்கள் தங்கை கேட்ட முதல் கேள்வி: "அண்ணன்கிட்ட தண்ணிக்குச் சொல்லிட்டீங்களா?" சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். காலையிலேயே பதினோரு வாளி பிடித்து, குளியலறையிலிருந்து கூடம் வரை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றிலும் சுண்ணாம்புக்கட்டியால் எண் போட்டிருக்கிறேன். எட்டிலிருந்து பத்து தடவை போக வேண்டியிருக்கும் என்று ஆஸ்பத்திரியின் துண்டுப் பிரசுரம் சொல்கிறது. தடவைக்கு ஒரு வாளி, பாதுகாப்புக்கு ஒன்று கூடுதல். "ஒரு வார்த்த கேட்டா என்ன கொறஞ்சிடும்?" என்றாள். "மானம்" என்றேன். "அதுல எத்தன வாளி புடிச்சு வெச்சிருக்கீங்க?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மூன்றாவது, துணை. மயக்க ஊசி போடுவார்கள், அதனால் முடிந்ததும் கைத்தாங்கலாகக் கூட்டிப்போக ஒரு ஆள் இல்லாமல் வீட்டுக்கு அனுப்ப மாட்டார்கள். தாங்கள் வருவதாகச் சொன்னதாகத் தங்கள் தங்கை சொன்னாள். வர வேண்டாம். தாங்கள் வந்தால் டாக்டரிடம் வாஷரைப் பற்றிப் பேசுவீர்கள். துணைக்கு ஆள் ஏற்பாடு செய்தாகிவிட்டது. யார் என்பது தங்களுக்குத் தேவையில்லாத விஷயம்.

(3.40.)

(3.48. எண் எட்டு.)

கடைசியாக ஒன்று, ஆறு வருடமாக மனதில் இருப்பது. என் வால்வு டிக் டிக் என்று அடிக்கிறது, அமைதியான அறையில் பக்கத்தில் இருப்பவருக்கும் கேட்கும், உண்மைதான். அதற்காகக் கல்யாண வீட்டில் எல்லோர் முன்னாலும் என் நெஞ்சுக்கு நேரே குனிந்து, "மணி என்ன, கடிகாரம்?" என்று கேட்பதை இத்துடன் நிறுத்திக்கொள்ள வேண்டும். தங்கள் தங்கை பகலில் பேப்பர் படிக்கும்போதுகூட ஒரு காதை என் பக்கம் வைத்துத்தான் படிக்கிறாள். நான் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தால், "இங்க வாங்க, கேக்கல" என்கிறாள். அவளுக்கு அது வேடிக்கை இல்லை. எனக்கும் இல்லை.

இவ்வளவுதான். டெஸ்ட் நடக்கும். தண்ணீர் கேட்க மாட்டேன். துணைக்கு வர வேண்டாம். கடிகாரம் என்று கூப்பிட வேண்டாம். தங்கள் வீட்டம்மாவுக்கு என் வணக்கங்கள். பேரப்பிள்ளைகளுக்கு ஆசிகள். தாங்களும் தங்கள் தண்ணீர்த் தொட்டியும் குறைவில்லாமல் பல்லாண்டு வாழ வேண்டும்.

இப்படிக்கு,
நேற்று வரை தங்கள் சொல்லைத் தட்டாத,
கீழ்வீட்டு மாப்பிள்ளை

பி.கு. (மணி 4.12): மச்சான், பதினோரு வாளியும் தீர்ந்துவிட்டன. கை கழுவுவதைக் கணக்கில் சேர்க்கவில்லை. ஜாடியில் இன்னும் டம்ளர் பாக்கி இருக்கிறது. தயவுசெய்து தொட்டியைத் திறக்கவும். கூடை இறங்கப் பதினெட்டு நிமிடம் இருக்கிறது. அது நீண்ட நேரம்.

மறு பி.கு. (மணி 4.25): நான் குளியலறைக்குள் இருந்தபடியே எழுதிய மேற்படி வரிகளைத் தங்கள் தங்கை கதவிடுக்கில் வாங்கிப் படித்துவிட்டு, படிக்கட்டடியில் நின்று, "அண்ணே, தண்ணி!" என்று கத்தினாள். மேலேயிருந்து தங்கள் குரல் தெருவுக்கே கேட்டது: "மூடவே இல்லையேம்மா! ரெண்டு மணிலேர்ந்து தொறந்துதான் கெடக்கு. கடிகாரம் டேப்ப தொறந்து பாத்தாரா இல்லையா?"

பார்க்கவில்லை. இரண்டிலிருந்து ஐந்து வரை தண்ணீர் வராது என்பது விதி. இருபத்திரண்டு வருடமாக அந்த நேரத்தில் நான் குழாயைத் தொட்டதே இல்லை.

ஆகவே மேலே கண்டவற்றைத் தாங்கள் படிக்க வேண்டியதில்லை. கிழித்துவிடலாம் என்றால், எழுதிய அறிவிப்பை அனுப்பாமல் கிழித்த பழக்கம் எனக்கு இல்லை. மேலும், இதை அனுப்பியே ஆக வேண்டிய காரணம் ஒன்றும் இருக்கிறது. சனிக்கிழமை, கட்டியைப் பற்றிச் சொன்ன பிறகு, அந்த நர்ஸ் ஒரு படிவம் நீட்டினாள். அதில் "துணைக்கு வருபவர்" என்ற இடத்தில் நான் தங்கள் பெயரை எழுதினேன். மையால். வேறு யாரையும் எழுத எனக்குத் தோன்றவில்லை, மச்சான். "அவர்கிட்ட கேட்டுட்டீங்களா ஐயா?" என்றாள். எழுத்து மூலம் தெரிவிப்பதாகச் சொன்னேன்.

இதுதான் அந்த அறிவிப்பு. ஒரு முழு நாள்கூட அவகாசம் இல்லை என்பது எனக்கே தெரியும், அந்தக் காரணத்தைக் காட்டி மறுக்கத் தங்களுக்கு முழு உரிமை உண்டு. மறுப்பதானால் தரையில் இரண்டு தட்டு தட்டவும், எங்களுக்குக் கேட்கும். தட்டு விழாவிட்டால் காலை ஆறரை மணிக்கு வாசலில் நிற்கிறேன். டாக்டரிடம் வாஷரைப் பற்றி ஒரே ஒரு தடவை கேட்டுக்கொள்ளலாம்.