ஏலக்காரன் கழுத்தில் ஒரு கட்டி

கடுத்துருத்தி,
பெருநாளுக்கு மறுநாள்

கர்த்தருக்குள் அன்பான மைத்துனி ஜெஸ்ஸம்மாவுக்கு அவுதச் சேட்டன் எழுதுவது. நானும் உன் அக்கா ஏலிக்குட்டியும் சுகம். பர்மிங்காம் குளிரில் நீயும் பிள்ளைகளும் சுகமாயிருக்க மன்றாடுகிறேன். நிற்க. சொந்தக்காரர் வாட்ஸ்அப்பில் "சேட்டன் கழுத்தை உடனே ஆப்பரேஷன் பண்ணணும்" என்று நீ போட்டதை இன்றே அழித்துவிட்டு, அவருக்கு ஒன்றுமில்லை என்று எல்லாருக்கும் தெரிவிக்கவும்.

கழுத்து வலிக்கிறதென்று ஸ்கேன் எடுக்கப் போனேன். வலிக்குக் காரணம் அகப்படவில்லை, தைராய்டில் குன்றிமணி அளவு கட்டி ஒன்று அகப்பட்டது. உன் அக்கா உனக்குச் சொல்ல, நீ உலகத்துக்குச் சொல்ல, கோயில் வாசலுக்கு வந்து சேர்வதற்குள் அது தேங்காயாகிவிட்டது. பெருநாளில் நேர்ச்சைச் சேவலை ஏலம் போடுவது நான்தானே, அந்த இடத்துக்கு மத்தாயி தொண்டையைச் செருமிக்கொண்டு வந்து நின்றுவிட்டான். எனக்கு அழுகையே வந்துவிட்டது மோளே. ஏலம் போடாமல் நான் இருந்தென்ன, போயென்ன.

டாக்டர் சுலேகாவிடம், "எடுத்துருங்க, பெருநாளுக்குள்ள ஆறிடுமா?" என்று கேட்டேன்.

"எதுக்கு எடுக்கணும்? ரத்தப் பரிசோதனை சரியா இருக்கு. கட்டி பஞ்சு மாதிரி இருக்கு, இந்த ஜாதி சாது. ஊசி குத்திப் பாக்கக்கூட வேண்டாம். சும்மா கத்தி வச்சா குரல் நரம்புல பட்டாலும் படும். அடுத்த வருஷம் ஒருதரம் ஸ்கேன் பண்ணிக்கலாம். போய் நல்லா கத்துங்க."

உன் அக்கா விடுவாளா? "என் தங்கச்சி இங்கிலாந்துல நர்ஸு, டாக்டர்."

"அவங்களையும் ஸ்கேன் எடுக்கச் சொல்லுங்க. பாதிப் பேருக்கு இப்படி ஒண்ணு இருக்கும்."

நேற்று மத்தாயியை ஒதுக்கிவிட்டு நானே மேடை ஏறினேன். "நல்ல சேவல், ஒரு தரம்" என்றதுமே வரீது முதலாளி விம்மினார். "சிரமப்படாதீங்க சேட்டா, நீங்க கேக்குறதுக்கு மேலயே தர்றேன்." அவருக்கு மேல் இன்னொருவர், அவருக்கும் மேல் இன்னொருவர். சேவல் கறவைமாட்டு விலைக்குப் போனது. "எனக்கு ஒண்ணுமில்லப்பா, சாதுக் கட்டி" என்றேன். "என்ன தைரியம் பாரு மனுஷனுக்கு" என்று பலாப்பழத்துக்கும் ஏற்றினார்கள். சந்தோஷத்தில் எனக்கு நிலைகொள்ளவில்லை, ஆனாலும் ஊரை ஏமாற்றிய பாவம் நமக்கு வேண்டாம். நீ நர்ஸு, நீ சொன்னால்தான் நம்புவார்கள்.

மாதா உன் குடும்பத்தைக் காப்பாளாக.

சேட்டன்,
அவுத

பி.கு.: மத்தாயி இன்று காலை ஸ்கேன் எடுத்துவிட்டான். அவனுக்கும் இருக்கிறதாம், என்னுடையதைவிடப் பெரிதாம். அடுத்த வருஷ ஏலத்துக்கு யாரை நிறுத்துவதென்று பங்குச் சாமியார் இப்போதே யோசிக்க ஆரம்பித்துவிட்டார். ஆகையால் மோளே, எதையும் அழிக்காதே. முடிந்தால் இன்னும் கொஞ்சம் பயமாக எழுதிப் போடு.