செத்த பிரபுவுக்கு வரவுப் பாட்டு

மட்டக்களப்பு வாவியின் இரு கரையிலும் பிரான்ஸ் அரசவையோடு நேரடித் தொடர்பு வைத்திருக்கும் ஒரே மனிதர் எங்கள் கோமகன்தான். புளியந்தீவில் எங்கள் ஒழுங்கையில் லவுட்ஸ்பீக்கர் வாடகைக்கு விடுகிறவர். பாரிஸ் எந்தத் திக்கில் என்று கேட்டால் வாவிக்கு அக்கரையில் இருக்கும் கல்லடிப் பக்கம் கையைக் காட்டுவார்.

எங்கிருந்தோ பிரான்ஸ் அரசவைக் கதை ஒன்றை, பழைய ஊமைப் படத்தை, லப்டொப்பில் இறக்கி வைத்திருந்தார். பொய்முடி, வாள், விசிறிக்குப் பின்னால் சூழ்ச்சி, ஒரு சீமாட்டிக்காக அடிபடும் இரண்டு பிரபுக்கள். இவ்வளவு பேர் வாயசைத்தும் ஒரு சத்தமும் வராதது மனிதருக்குப் பொறுக்கவில்லை. கல்யாண வீட்டில் சாப்பாடு தாமதித்தால் போதும், வெள்ளைத் துணியைக் கட்டி, மைக்கைப் பிடித்து, எல்லாருக்கும் தானே பேசுவார்.

இளவயதில் கூத்தாடியவர். கூத்தில் ராசா சபைக்கு வந்தால் வரவுப் பாட்டுப் பாடியாக வேண்டும். பிரான்சுக்காரருக்கும் அதே சட்டம்தான். மேசையில் தாளம் தட்டி வில்லன் பிரபுவுக்கு வரவு பாடி முடிக்கையில், திரையில் வில்லன் குத்துப்பட்டுச் செத்துக் கிடப்பான்.

"அண்ணன், படத்த நிப்பாட்டிப் போட்டுப் பாடுங்களன்," என்றேன்.

"ஆட்டத்த இடையில நிப்பாட்டுறதோ? சபைக்கு மரியாதையில்ல தம்பி!"

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. பிரபுவாகப் பேசுகிறவர் பிரபுவாக உடுக்க வேண்டாமா? மனைவி மல்லிகா அக்கா சந்தைக்குப் போன நேரம், அவருடைய கல்யாணக் கூறைச்சேலையை வெட்டிச் சரிகைக்கரை வைத்த நீளக் கோட்டுத் தைத்துவிட்டார். அக்கா கத்தவில்லை. ஒரு பையோடு களுவாஞ்சிக்குடியில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார். கோமகன் கூப்பிட்டாலும் போனைத் தூக்கவில்லை. ஊருக்கெல்லாம் குரல் கொடுத்தவர் வீட்டில் பேச ஆளில்லாமல் இருந்தது பார்க்கப் பாவமாக இருந்தது.

அந்தத் தங்கையின் மகள் பெரியபிள்ளையான சாமத்தியச் சடங்குக்கு லவுட்ஸ்பீக்கர் முன்பே பேசி வைத்தது இவரிடம்தான். வயர் இழுக்க நானும் போனேன். சொல்லச் சொல்லக் கேளாமல் அதே கோட்டோடு வந்தார். சாப்பாடு தாமதித்தது, படம் ஓடியது. அக்கா கடைசி வரிசையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருந்தார்.

திரையில் சீமாட்டி கோபித்துக்கொள்ள, பிரபு முழங்காலில் விழுந்தான். கோமகன் கையை நீட்டிப் படத்தை நிப்பாட்டினார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"சீமாட்டியே," என்று கூத்துக் குரலில் தொடங்கியவர், திரையை விட்டுக் கடைசி வரிசைப் பக்கம் திரும்பினார். பிறகு வந்தது சொந்தக் குரல். "கூறைய வெட்டினது என்ட பிழைதான். நீ அத உடுத்து மணவறைக்கு வந்த அண்டைக்குப் பாத்த வடிவு, வேற எந்த உடுப்பிலயும் நான் காணல்ல. அதான் கை வைச்சிட்டன். வீட்ட வா புள்ள."

அக்கா எழுந்து வந்து மைக்கைப் பறித்தார்.

"முதல்ல படத்தப் போடுங்க. அந்த மனிசன் எவ்வளவு நேரம் முழங்கால்ல நிக்கிற?"

இப்போதும் காட்சி நடக்கிறது. சீமாட்டிக்கு அக்காதான் குரல். அவள் வருமிடத்தில் மட்டும் கோமகன் படத்தை நிப்பாட்டி, வரவுப் பாட்டை ஒரு வரி விடாமல் பாடுகிறார். சுருதி எங்கோ போகும். அதைக் கேட்கத்தான் நான் இன்னும் போகிறேன்.