கேரவன் பிரதிஷ்டை

கல்ஃபில் வேலை பார்க்கிற நம்மாட்களுக்குச் சுகமாக இருந்தால் மட்டும் போதாது. சுகமாக இருப்பது நாலு பேருக்குத் தெரிந்தாக வேண்டும். தெரியாவிட்டால் சாப்பிட்டது செரிக்காது. இந்த வியாதி எனக்கு முற்றிப்போயிருந்த காலத்தில்தான், ஷார்ஜாவிலிருந்து திப்பா கடற்கரைக்குக் குடும்பத்தோடு கேரவனில் தங்கப் போனேன்.

யோசனை என் மனைவி ஜெஸியுடையது. அவள் நர்ஸ். நைட் டியூட்டிக்கு மேல் நைட் டியூட்டியாகப் பார்த்து, கெஞ்சிக் கூத்தாடி, சேர்ந்தாற்போல் இரண்டு நாள் ஆஃப் வாங்கியிருந்தாள்.

"எனக்குத் தூங்கணும். எந்திரிச்சா மஸாஃபி சந்தைல நாலு மண்சட்டி பாக்கணும். வேற ஒண்ணும் வேண்டாம். சமைக்க மாட்டேன். யாரும் வரவும் கூடாது."

"யாரு வரப்போறா?" என்றேன்.

கேரவன் என்றால் சினிமா நடிகர்கள் மேக்கப் போடுகிற வண்டி என்றுதான் அதுவரை எனக்குத் தெரியும். வாடகைக்கு விடுகிறவர்களே அதை இழுத்து வந்து, கடலோரமாக நிறுத்தி, ஜெனரேட்டரையும் ஓடவிட்டுப் போனார்கள். உள்ளே ஏ.சி., கட்டில், குளியலறை எல்லாம் உண்டு என்று படத்தில் பார்த்திருந்தேன். ஜெஸியும் மகள் ஷைனியும் பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்கள். நானும் பின்னாலேயே போய்ப் படுத்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலை இல்லை.

ஆனால் எனக்கு ஒரு கணக்குத் தீர்க்க வேண்டியிருந்தது. சில வாரங்களுக்கு முன் எங்கள் ஜெபக்கூட்டத்து அண்ணாச்சி ஏழு சீட்டு வண்டி ஒன்று வாங்கி, எல்லோரையும் கூப்பிட்டு, வண்டியைக் கர்த்தருக்கு அர்ப்பணிக்கிற பிரதிஷ்டை ஜெபம் நடத்தி, பிரியாணியும் போட்டார். அன்று நான் சீட்டைத் தடவிப் பார்த்தபோது, "பாத்து தம்பி, ஒரிஜினல் லெதர்" என்று சொல்லிவிட்டார். எனக்கு அது ஆறவே இல்லை. ஷைனியை வெளியே கூப்பிட்டு, கூலிங் கிளாஸ் மாட்டிக்கொண்டு, கேரவன் மேல் ஒரு கையை ஊன்றி நின்று படம் எடுக்கச் சொன்னேன். (வயிற்றை உள்ளே இழுத்துப் பிடித்ததில் முகம் சிவந்துவிட்டது.) உடனே ஸ்டேட்டஸ் போட்டேன்: 'கர்த்தருடைய கிருபையால் எங்கள் கேரவன்.'

வாடகை என்ற சொல் எப்படியோ விடுபட்டுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

கொஞ்ச நேரத்தில் அண்ணாச்சியிடமிருந்து போன்.

"தம்பி, கேரவன் வாங்கிட்டியளா? சொல்லவே இல்லியே."

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "எல்லாம் அவரு கிருபை அண்ணாச்சி" என்றேன்.

"வண்டி எங்க நிக்கி?"

"திப்பால. ஒருநாள் வாங்க" என்று சொல்லி லொகேஷனும் அனுப்பினேன். நம் ஊரில் 'ஒருநாள் வாங்க' என்றால் வர வேண்டாம் என்று அர்த்தம். அண்ணாச்சிக்கு அது தெரியாதா என்ன? தெரிந்தேதான் வந்தார்.

இரண்டு மணி நேரம் போயிருக்கும், ஜெஸி கண் அசந்திருப்பாள். ஏழு சீட்டு வண்டி முன்னால் வர, பின்னால் ஜெபக்கூட்டமே வரிசையாக வந்து இறங்கியது. ஒருவர் கையில் சுவர்க் கடிகாரம், இன்னொருவர் கையில் வசனப் பலகை, அண்ணாச்சி மனைவி கையில் ஹாட்பாக்ஸ் செட். சாப்பாடு மட்டும் யாரும் கொண்டுவரவில்லை. பிரதிஷ்டைக்கு வருகிறவர்கள் எதற்குக் கொண்டுவருவார்கள்?

சத்தம் கேட்டு ஜெஸி நைட்டியின் மேல் துண்டைப் போட்டுக்கொண்டு கதவைத் திறந்தாள். கூட்டத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். துண்டை இழுத்துச் சரிசெய்துகொண்டாள். அவள் திட்டினால் எனக்குப் பயமில்லை. திட்டாவிட்டால்தான் பயம்.

அண்ணாச்சி கேரவன் மேல் கையை வைத்து ஆரம்பித்துவிட்டார். "இந்த வாகனத்தை இந்தக் குடும்பத்துக்கு நிரந்தரச் சுதந்தரமாய்க் கொடுத்தீரே, ஸ்தோத்திரம்." வேத பாஷையில் சுதந்தரம் என்றால் உரிமைச் சொத்து. எல்லோரையும்விடச் சத்தமாக ஆமென் சொன்னவன் நான்தான்.

அந்தச் சமயத்தில் தண்ணீர் நிரப்ப வாடகைக் கம்பெனி ஆள் வந்து சேர்ந்தார். நல்ல மனுஷன், ஜெபம் முடியும்வரை தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார். முடிந்ததும், "பாய், கல் சுபே காடி லே ஜாயேகா. தூஸ்ரா பார்ட்டி ஆ ரஹா ஹை" என்றார். நாளைக் காலை வண்டியை எடுத்துப்போகிறோம், அடுத்த பார்ட்டி வருகிறது என்று அர்த்தம். அங்கே நின்ற அத்தனை பேரும் இந்தி பேசியே காலம் தள்ளுகிறவர்கள். ஒருவருக்கும் மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை.

"வாடகையா தம்பி?" என்றார் அண்ணாச்சி, மிகவும் அன்பாக. அவர் மனைவி ஹாட்பாக்ஸை மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

அப்போதுதான் ஜெஸி வாயைத் திறந்தாள். "ஜெபம் பண்ணதுல சந்தோஷம் அண்ணாச்சி. சாப்பாடு இவங்க போடுவாங்க. நான் டியூட்டி முடிச்சு வந்தவ, தூங்கணும்." ஷைனி அதற்குள் அம்மாவின் கைக்கடியில் புகுந்து உள்ளே போய்விட்டாள். கதவு சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் போடும் சத்தம் எல்லோருக்கும் நன்றாகவே கேட்டது.

அப்புறம் என்ன? மீன் மார்க்கெட்டுக்கு ஓடினேன். சீலா மீன் வாங்கி, மணலில் குத்தவைத்து அடுப்பைப் பற்றவைத்து, கண்ணில் நீர் வழியச் சுட்டேன். மேலே கருகியது, உள்ளே வேகவில்லை. அண்ணாச்சி அதை நிதானமாகச் சாப்பிட்டபடி, வாடகை வண்டிக்குப் பிரதிஷ்டை செல்லுமா செல்லாதா என்று கூட்டத்தாரிடம் விவாதித்தார். என் காதில் விழும்படியாகத்தான். எல்லோரும் கிளம்பிய பிறகு கதவைத் தட்டினேன்.

"ஸ்டேட்டஸ் போட்டாச்சா?" என்று உள்ளே இருந்து கேட்டாள் ஜெஸி.

அன்று ராத்திரி என் படுக்கை காரில். மறுநாள் ஷார்ஜா திரும்பும் வழியில் மஸாஃபி சந்தையில் நிறுத்தி, முகமெல்லாம் தெளிவாக, ஒவ்வொரு சட்டியாகத் தட்டித் தட்டிப் பார்த்து வாங்கினாள். நான் அத்தனையையும் பின்னால் சுமந்து போனேன்.

இன்றும் சர்ச்சில் எனக்குக் கேரவன் முதலாளி என்றுதான் பெயர். புதிதாக வருகிறவர்கள் யாராவது, "கேரவன்ல தங்கினீங்களாமே, உள்ள எப்படி அண்ணே இருக்கும்?" என்று கேட்டால் எனக்குப் பதில் தெரியாது. ஜெஸிதான் சொல்வாள்.

"ரெண்டு பேருக்குத் தாராளமா இருக்கும்."