மாலத்தீவில் இரண்டு பேரைக் காணவில்லை

பெண்டாட்டியோடு சண்டை போட்டுவிட்டு யாரும் தண்ணீரில் இறங்கக் கூடாது. கண்ணாடியைக் கழற்றிவிட்டு இறங்கவே கூடாது. இரண்டையும் ஒரே காலையில் செய்தவன் நான்.

சங்கராபுரத்தில் உரக்கடை வைத்திருக்கிறேன். அதுவரை நான் பார்த்த பெரிய தண்ணீர் கரியாலூர்ப் பக்கத்து அருவிதான் (அதிலும் ஓரமாக நின்று தலையைக் காட்டியதோடு சரி). மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு விதைக் கம்பெனி, நன்றாக விற்ற கடைக்காரர்களை ஜோடி ஜோடியாக மாலத்தீவுக்கு அனுப்பி வைத்தது. ஜோடிக்கொரு மர வீடு, தண்ணீருக்கு நடுவில் காலூன்றி நின்றது. பின்பக்க ஏணியில் இறங்கினால் லகூன்: கடலுக்குள்ளேயே ஏரி மாதிரி அசையாத பச்சைத் தண்ணீர். கொஞ்சம் தள்ளிப் போனால் கருநீலம். அங்கே ஆழம் ஜாஸ்தி, போகாதீர்கள் என்று சொல்லியிருந்தார்கள்.

மறுநாள் காலையிலேயே சண்டை. என் மனைவி ஸ்டெல்லா, பச்சைப் பட்டுப்புடவையில் ஐம்பதாவது போட்டோ கேட்டாள்.

"உன்னக் கூட்டிக்கினு வந்ததுக்கு ஒரு யூரியா மூட்டையத் தூக்கிக்கினு வந்திருக்கலாம். சும்மாவாவது கெடக்கும்," என்றேன்.

அவள் கத்தியிருந்தால் பரவாயில்லை. "சரிங்க. இனிமே நான் இல்லாம நிம்மதியா இருங்க," என்று மெதுவாகச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

நான் வீராப்பாகக் கண்ணாடியை ஏணியருகே கழற்றி வைத்துவிட்டு லுங்கியோடு இறங்கினேன். இடுப்பளவுத் தண்ணீர். மங்கலாகத் தெரிந்த மஞ்சள் மீன்களின் பின்னாலேயே நடந்தேன். கோபம் தணிந்ததும் திரும்பி வந்து ஏணி ஏறினேன்.

கண்ணாடியைக் காணோம். உள்ளே ஸ்டெல்லாவைக் காணோம். அவள் பெட்டி, என் பெட்டி எதுவும் இல்லை. மெத்தை விரிப்பில் ஒரு சுருக்கம்கூட இல்லை. முதலில் எரிச்சல்தான் வந்தது (கண்ணாடியையுமா எடுத்துக்கினு போவா?). அப்புறம்தான் அவள் சொன்னது காதில் ஒலித்தது. நான் இல்லாம. தீவை விட்டுப் போகச் சாயங்காலம் வரை படகு கிடையாது. சுற்றிலும் தண்ணீர். பெட்டியோடு யாராவது கடலில் குதிப்பார்களா என்று இப்போது நீங்கள் கேட்கலாம். எனக்கு அப்போது கேட்கத் தோன்றவில்லை.

கதவில் மூக்கை ஒட்டி நம்பரைப் படித்துக்கொண்டு படகுத்துறைக்கு ஓடினேன். நல்லவேளை, படகோட்டி தூத்துக்குடிக்காரர்.

"எம் பொண்டாட்டியக் காணோங்க! பதினாலாம் நம்பர்!"

"பதறாதீங்க அண்ணாச்சி. அடையாளம் சொல்லுங்க."

"பச்சைப் பொடவை. செவப்பா, அழகா இருப்பா." இருபத்திரண்டு வருஷத்தில் இதை நான் அவளிடம் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.

படகு கருநீலத்தை நோக்கிப் பாய்ந்தது. விளிம்பைப் பிடித்துக்கொண்டு தண்ணீரையே பார்த்தேன். தண்ணீரில் அசைந்த ஒவ்வொரு நிழலும் புடவையாகத் தெரிந்தது. மாதாவே, அவளைத் திருப்பிக் கொடுத்துடு, ஆயிரம் போட்டோ எடுக்கிறேன் என்று வாய்விட்டு அழுதேன்.

அப்போது படகோட்டியின் வாக்கி டாக்கி கரகரத்தது. கேட்டவர் முகம் வாடிப்போனது.

"இன்னைக்கு நேரமே சரியில்ல அண்ணாச்சி. பன்னெண்டாம் நம்பர்ல ஒருத்தரு தண்ணியில எறங்கினவரு திரும்பலியாம். அவரு சம்சாரம் இன்னொரு படகுல தேடிட்டு வாராங்க."

"ஐயோ! ஆளு எப்படி இருப்பாராம்?"

"தொந்தி, வழுக்கை. நீலக் கட்டம் போட்ட லுங்கி. பயங்கரமா கொறட்டை விடுவாராம். எங்கயாச்சும் ஒதுங்கித் தூங்கினா சத்தத்த வச்சே கண்டுபிடிச்சிரலாம்னு அந்தம்மா சொல்லுதாங்க."

லுங்கி என்றால் நம்ம பக்கத்து ஆள். என் துக்கத்துக்கு நடுவிலும் அந்தப் பாவப்பட்ட மனிதனுக்காக ஒரு ஜெபம் சொன்னேன். அதன் பிறகு இந்தப் பக்கம் பச்சைப் புடவை, அந்தப் பக்கம் நீல லுங்கி என்று மாறி மாறித் தேடினேன்.

படகோட்டி தேடுவதை நிறுத்தியிருந்தார். என் இடுப்பைப் பார்த்தார். வயிற்றைப் பார்த்தார். தலையைப் பார்த்தார்.

"அண்ணாச்சி," என்றார் தயங்கித் தயங்கி, "நீங்க கொறட்டை விடுவீயளா?"

நான் தவறி ஏறிய பதினாலாம் நம்பர், புது ஆட்களுக்காகச் சுத்தம் செய்து திறந்து போட்டிருந்த காலி வீடு. உரமூட்டையில் காலாவதித் தேதி வரை பார்க்கிறவன், குடியிருந்த வீட்டின் நம்பரைப் பார்க்கவில்லை.

எதிரில் இன்னொரு படகு வந்தது. மங்கலாக ஆரஞ்சு நிறத்தில் ஒரு மிதவைச் சட்டை, அதற்குக் கீழே பச்சை. கையில் என் கண்ணாடி மின்னியது.

"யோவ்! எங்கய்யா போயிருந்த?" கல்யாணமான நாளிலிருந்து 'ங்க' போடாமல் பேசியிராதவள், இரண்டு படகுக்காரர்கள் முன்னிலையில் கத்தினாள். அடுத்த நொடி உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதாள். நான் படகு மாறிப் போய்க் கண்ணாடியை வாங்கிப் போட்டுக்கொண்டேன். அவள் கண் இரண்டும் வீங்கியிருந்தன.

"உன்னத்தான் தேடிக்கினு இருந்தேன்," என்றேன்.

"நான் வூட்டுலதான இருந்தேன்!" என்றாள்.

ஊர் திரும்பிய வாரமே எலவனாசூர்கோட்டையில் தன் தங்கை வீட்டில் எல்லாவற்றையும் நடித்தே காட்டிவிட்டாள். அதிலிருந்து சொந்தக்காரர் வீடு எதிலும் நான் நிம்மதியாகக் கண்ணயர முடியாது. முதல் குறட்டை கிளம்பியதும் அடுப்படியிலிருந்து யாராவது ஒருத்தி குரல் கொடுப்பாள்: "கெடச்சிட்டாருடி!"

போன மாதம் மகளுக்கு நிச்சயம். விருந்து முடிந்து நாற்காலியில் சற்றே சாய்ந்திருக்கிறேன். கண் விழித்தால் எதிரில் புது சம்பந்தி, மரியாதைக்குரிய மனிதர், காபி டம்ளரோடு குனிந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"இன்னா சம்பந்தி," என்றார், "கெடச்சிட்டீங்களா?"